ஹோமர் மீன்பிடிப் பயணம்: ஆகஸ்ட் 15, சனிக்கிழமை

நண்பர்களே, வணக்கம். ஹாலிபட் (பெரிய தட்டை மீன்) பிடிக்க சார்ட்டர் படகு, அதாவது கேப்டனோடு வரும் வாடகைப் படகு, உறுதியாகிவிட்டது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து ஹோமர் ஊருக்குக் காரில் நாலரை மணி நேரம் ஆகும். அதனால் வெள்ளி மாலையே கிளம்பிவிடுங்கள்.

1. காலை 6 மணிக்கு ஹோமர் ஸ்பிட் (கடலுக்குள் நீளும் குறுகிய நிலத்திட்டு) படகுத்துறை. 6.30க்குப் படகு எடுத்துவிடுவார்கள், யாருக்காகவும் நிற்காது.

2. அலாஸ்கா மீன்பிடி லைசென்ஸை ஆன்லைனில் இப்போதே எடுத்துவிடுங்கள். வெளி மாநிலத்தவருக்கு 16 வயதிலிருந்து, இங்கேயே இருப்பவர்களுக்கு 18 வயதிலிருந்து கட்டாயம்.

3. வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்கள் படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போடவும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

4. மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், கம்பளித் தொப்பி அவசியம். ஆகஸ்ட்தானே என்று டீ-சர்ட்டோடு வராதீர்கள்!

5. வாழைப்பழம் மட்டும் வேண்டாம். படகுக்கு ஆகாது என்று கேப்டன்கள் பலர் முகம் சுளிப்பார்கள்.

6. மாலையில் ஸ்பிட்டிலேயே உள்ள மீன்பிடிக் குளத்தில் கரையிலிருந்து கோஹோ (சால்மன் மீனில் ஒரு வகை) பிடிக்கத் தூண்டில் போடலாம். கடல்நீர் ஏறும்போதுதான் மீன் உள்ளே வரும். நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

7. மீன் கொண்டுபோக ஆளுக்கொரு ஐஸ் பெட்டி.

வருகிறவர்கள் பெயர், பூட்ஸ் அளவு இரண்டையும் புதன் இரவுக்குள் இங்கே போடவும். பூட்ஸ் இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு ஜோடி கூடுதலாக இருக்கிறது.