ஆம்புலன்ஸ் வந்த பிறகு தேடும் காப்பீட்டு அட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு நீலகிரியின் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். இந்தத் திட்டம் பற்றித் தெரியாதவர்கள் மலையில் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் "ரேஷன் கார்டு இருக்கே" என்கிறார்கள். மீதிப் பேர் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில் கொடுத்த பழைய அட்டையை எடுத்து நீட்டுகிறார்கள். ஊட்டியிலோ கோவையிலோ நோயாளியைச் சேர்த்த பிறகுதான் இவை இரண்டும் காப்பீட்டு அட்டை ஆகாது என்பது தெரிகிறது. அதன் பிறகு வீட்டிலிருந்து ஒருவர் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓட வேண்டும், இன்னொருவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஓட்டத்தை முன்கூட்டியே தவிர்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2012 ஜனவரி 11-ல் தொடங்கியது. 2018 செப்டம்பர் 23 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இது தலைக்கு 5 லட்சம் அல்ல, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. "அட்டை போட்டுத் தர 500" என்று யாராவது கேட்டால் அது இடைத்தரகுக் கூலிதான்.

ரேஷன் அட்டை முன்னுரிமை அட்டையாக இருந்தால்தான் சேர முடியும் என்றொரு நம்பிக்கை ஊரில் உண்டு. அது தவறு. அட்டையில் என்.பி.எச்.எச்., அதாவது முன்னுரிமை இல்லாத குடும்பம் என்று இருந்தாலும் வருமானச் சான்று சரியாக இருந்தால் சேரலாம். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே இல்லை.

முதல் படி வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். முதலில் குடிமக்கள் அணுகு எண் வேண்டும், அதாவது கேன் எண். ஏற்கெனவே சாதிச் சான்றுக்கோ இருப்பிடச் சான்றுக்கோ விண்ணப்பித்திருந்தால் அந்த எண் உங்களிடம் இருக்கும், அதையே சொல்லுங்கள். புதிதாக ஒன்று உருவாக்கினால் ஒரே ஆளுக்கு இரண்டு எண், இரண்டு விதமான எழுத்து என்று ஆகி, பிறகு அதைச் சரிசெய்யவே ஒரு வாரம் போகும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் ஆகி, டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். மையத்தில் தட்டச்சு செய்பவர் அவசரத்தில் மாதத் தொகையையும் ஆண்டுத் தொகையையும் மாற்றி அடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, வருமான எண்ணை நீங்களே ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

வருமானக் கணக்கில்தான் தேயிலைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 10,000, வருடத்துக்குச் சரியாக 1,20,000. வரம்பு அதோடு தீர்ந்தது. கணவன், மனைவி இருவரும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போகும் வீடு கணக்கின்படி 'வசதியான' வீடாகிவிடுகிறது. தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் இரண்டு அறையில் ஆறு பேர் படுக்கும் வசதி அது! இதில் பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் 25 நாள் என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. பனி விழும் டிசம்பர், ஜனவரியில் இலை குறைகிறது, வேலை நாளும் குறைகிறது. கூடலூர் பக்கம் ஆடி மழையிலும் அப்படித்தான். தற்காலிகத் தொழிலாளி என்றால் சம்பளச் சீட்டுகளை 12 மாதத்துக்கும் சேர்த்துக் காட்டுங்கள். நல்ல மாதத்துச் சீட்டு ஒன்றை மட்டும் கொடுத்தால் அதை 12-ஆல் பெருக்கத்தான் செய்வார்கள்.

சிறு விவசாயிகளுக்கு வேறு தவறு. தொழிற்சாலை கொடுக்கும் இலைப் பட்டியலை அப்படியே வருமானமாகக் காட்டிவிடுகிறார்கள். மாதம் 600 கிலோ பச்சைத் தேயிலை, கிலோ 20 ரூபாய் என்றால் பட்டியலில் 12,000 நிற்கும். பறிகூலி, உரம், மருந்து, வண்டி வாடகை போனால் கையில் நிற்பது அதுவல்ல. செலவை ஒரு தாளில் எழுதி, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குக் கூப்பிடும்போது பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள். வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள மாட்டார்.

அடுத்தது பெயர். சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். கூடலூர் பக்கத்தில் ஒரே ஆள் ஒரு தாளில் 'சாத்தன்', இன்னொன்றில் 'சாதன்'. பெண்களுக்கு ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து, மற்றொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து. 'மாதி' என்று அழைக்கப்படும் பாட்டி ஆதாரில் 'மாதியம்மாள்'. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் பிறந்த தேதி தெரியாமல் வீட்டில் எல்லோருக்கும் ஜனவரி 1 என்று போட்டு வைத்திருப்பதும் உண்டு. அது பிழைதான் என்றாலும் மூன்று தாளிலும் அதே தேதி இருந்தால் பதிவு நிற்காது. வேறுவேறாக இருந்தால்தான் நிற்கும். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள், பிறகு ரேஷன் அட்டை, கடைசியில் வருமானச் சான்று. வரிசை மாறினால் சான்றை மறுபடி எடுக்க வேண்டிவரும், இன்னொரு 60 ரூபாய்.

ரேஷன் அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் இடமில்லை. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் தாய்வீட்டு அட்டையில்தான் இருக்கும். அங்கே நீக்கிய பிறகுதான் இங்கே சேரும். பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது இதைத் தொடங்குவது தாமதம். அதேபோல, மகன் தனி அட்டை வாங்கிப் பிரிந்தால் பெற்றோர் பெயர் எந்த அட்டையில் நிற்கிறது என்று பாருங்கள். சில வீடுகளில் இரண்டிலும் இல்லாமல் போயிருக்கிறது.

சான்று கிடைத்ததும் ஊட்டியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும். மற்றவர்களையும் அழைத்துப் போவது நல்லது. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றின் அசலும் நகலும் வேண்டும். ஆதாரோடு இணைத்த கைபேசியையும் மறக்காதீர்கள். பேரனுடைய கைபேசி எண்ணை ஆதாரில் கொடுத்துவிட்டு, பேரன் திருப்பூரில் வேலையில் இருந்தால் ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். அன்று அவனைக் கைபேசியைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி விரல் ரேகை. கொழுந்தும் இரண்டு இலையுமாக நாள் முழுவதும் கிள்ளுவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். இலைக் கறை ரேகையின் பள்ளங்களில் கறுப்பாகப் படிந்துவிடும், மேடு தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். ஊட்டிக் குளிரில் தோலும் வெடித்திருக்கும். கருவியில் விரலை வைத்தால் 'பொருந்தவில்லை' என்றே வரும். முந்தின நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்து வந்தால் ஓரளவு பிடிக்கிறது. வரிசையில் நிற்கும்போது கையை உரசிச் சூடாக்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வைத்தால் இன்னும் மோசம். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நடுவிரல், மோதிர விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் கருவிழிப் பதிவு கேளுங்கள். கேட்காமல் திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

பதிவானதும் எண் கிடைக்கும். முக்கியம் அந்த எண்தான், பிளாஸ்டிக் அட்டை அல்ல. திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் அட்டை எண்ணைப் போட்டாலே குடும்பத்தின் காப்பீட்டு எண்ணும் உறுப்பினர் பெயர்களும் தெரியும். ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்கள் ஊட்டிக்குப் பஸ் ஏறுவதற்கு முன் இதைப் பார்த்துவிடலாம். வீட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்றும் அப்போதே எண்ணிப் பாருங்கள். எண்ணை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் யாருக்கும் பீரோ சாவி கிடைக்காது.

மருத்துவமனையில் கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு. வெளிநோயாளியாகப் பார்த்து மாத்திரை வாங்குவதற்குக் காப்பீடு கிடையாது. குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் அறுவைகளுக்கும் சில பரிசோதனைகளுக்கும்தான். தனியார் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே எல்லா நோய்க்கும் அங்கே செல்லும் என்று அர்த்தமில்லை. எலும்பு சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்ற இடத்தில் இதய சிகிச்சைக்கு இல்லாமல் இருக்கலாம். சேர்வதற்கு முன், முன்பணம் கட்டுவதற்கு முன், காப்பீட்டு மேசைக்குப் போய் "இந்த நோய்க்கு இங்கே செல்லுமா, முன் ஒப்புதல் எப்போது அனுப்புவீர்கள்" என்று கேளுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் சொந்தக் காசில் கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. ஒப்புதலுக்குப் பிறகும் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லுங்கள், ரசீதும் கேளுங்கள். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குறைதீர்க் குழுவும் இருக்கிறது. திங்கட்கிழமை மனுவிலும் எழுதலாம்.

அரசு மருத்துவமனையில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அங்கேயும் காட்டுங்கள். காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கே வரவாகிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 700 படுக்கைகள் இருக்கின்றன. முன்பு போல எல்லாவற்றுக்கும் கோவைக்கு இறங்க வேண்டியதில்லை.

பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிதான் கைக்கெட்டும் தூரம். அங்கே வாசலில் 'காப்பீடு உண்டு' என்று பலகை இருந்தால் அது கேரள அரசின் காருண்யா திட்டமாக இருக்கக்கூடும். நமது எண்ணைச் சொல்லி, அது செல்லுமா என்று முதலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

மலைப்பாதை விபத்துக்கு மட்டும் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அட்டையும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை.

அரசிடம் கேட்க எங்களுக்கு மூன்று உண்டு. ஒன்று, பந்தலூரிலிருந்து ஊட்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஒரு குடும்பமே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், 'சர்வர் இல்லை' என்ற பதிலோடு கடைசி பஸ்ஸைப் பிடிப்பது நியாயமில்லை. முகாம் நடக்கும்போது மட்டும் பதிவு என்று இல்லாமல், மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தா வட்டாட்சியர் அலுவலகங்களிலேயே பதிவு மேசை போட வேண்டும். தேதி எல்லா மாதமும் ஒன்றாக இருந்தால் தோட்டத்தில் விடுப்புச் சொல்ல வசதி. இரண்டு, அந்த மேசையில் கருவிழிக் கருவியும் இருக்க வேண்டும். மூன்று, வருமான வரம்பு. 72,000 ஆக இருந்தது 2022 ஜனவரியில் 1,20,000 ஆனது. அப்போது ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்ட ஒப்பந்தம் 2027 ஜனவரியில் முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் தோட்டக் கூலியை வைத்து வரம்பை மறுபடி கணக்கிட வேண்டும். குறைந்தது, கணவன் மனைவி இருவரும் இலை பறிக்கும் வீட்டை வெளியே தள்ளாத தொகையாக அது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
விண்ணப்பம் எழுதிக் கொடுப்போர் சிலர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.