சில்பர்மானும் அவர் சிஷ்யனும்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

"ஃபிரைபெர்க் டோம்ல ஒரு பெரிய ஆர்கன் இருக்கும்மா, யாரோ சில்பர்மான் செஞ்சதாம், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாய். ஏட்டி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? நான் வாசிப்பது கரண்டு போனால் ஊமையாகிற எலெக்ட்ரானிக் பெட்டி, அது வேறு விஷயம். சென்னையில் படித்தபோது எழும்பூர் கிர்க்கில் நிஜமான குழல் ஆர்கனைக் கேட்டிருக்கிறேன். ஜெர்மனியில் நீ படிக்கிற ஃபிரைபெர்க்கிலோ சில்பர்மான் செய்ததே நான்கு இருக்கின்றன. டோம் என்கிற அந்தப் பேராலயத்திலேயே இரண்டு, புனித பேதுரு ஆலயத்தில் ஒன்று, யாக்கோபு ஆலயத்தில் ஒன்று. ஒன்றையாவது உட்கார்ந்து கேள்.

கோட்ஃபிரீட் சில்பர்மான் 1683-இல் பிறந்தவர். ஊர் ஃபிராவன்ஸ்டைன் பக்கம் ஒரு கிராமம், உன் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அப்பா தச்சர். அண்ணன் ஆண்ட்ரியாஸ் ஸ்டிராஸ்பர்கில் ஆர்கன் செய்துகொண்டிருந்தார். தம்பி அங்கே போய்த் தொழில் கற்று, 1710-இல் சொந்த நாடான சாக்சனிக்குத் திரும்பினார். வந்ததும் கிடைத்த பெரிய வேலைதான் உங்கள் டோம் ஆர்கன். விரல் வைத்து வாசிக்க மூன்று வரிசைக் கட்டைகள், 44 ஸ்டாப்புகள், அதாவது வேண்டியபோது திறந்து மூடுகிற தனித்தனிக் குரல்கள். 1714-இல் முடிந்தபோது அவருக்கு வயது 31. நம்ம மிஷனரி சீகன்பால்க் ஐயரும் சாக்சனிக்காரர்தான், ஏறக்குறைய சில்பர்மான் வயதுதான். இவர் அங்கே குழல்களை நிறுத்திக்கொண்டிருந்த அதே சமயம் அவர் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார். இதை எண்ணி எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், அவ்வளவுதான்.

வேலை எப்படி நடந்தது என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும், நீயும் உலோகம் படிக்கிறவள். முன்னால் வரிசையாகப் பளபளக்கிற குழல்கள் வெள்ளீயம். தகடாக வார்த்து, சீவி, உருட்டி, பற்றவைப்பார்கள். காரீயம் அதிகம் கலந்தால் ஓசை மழுங்கும், விலையோ குறையும். எங்கே எது என்பதில்தான் சாமர்த்தியம். மரக் குழல்கள், காற்றுப் பெட்டி, துருத்தி எல்லாம் ஃபிரைபெர்க் பட்டறையில் தயாராகி, வண்டிகளில் ஏறி அந்தந்த ஊர்க் கோயிலுக்குப் போகும். அங்கே பொருத்திய பிறகுதான் கஷ்டமான கட்டம். ஒவ்வொரு குழலையும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பேச வைக்க வேண்டும். குழலின் வாயைக் கொஞ்சம் திருத்தினால் குரலே மாறும். கூடுதலாகச் செதுக்கிவிட்டால் திரும்பச் சேர்க்க வழியில்லை. வாசிக்கும்போது காற்றுக்கு ஆட்கள் துருத்தியை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

இப்படி ஏறக்குறைய ஐம்பது ஆர்கன்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கை சுத்தம், குணம்தான் கொஞ்சம் முரடு. பியானோவும் செய்து பார்த்தார். இசைமேதை பாக் அதை வாசித்துவிட்டு, ஓசை அருமை, ஆனால் மேல் ஸ்தாயி பலவீனம், கட்டை கனம் என்று சொன்னாராம். சில்பர்மானுக்கு வந்ததே கோபம், நெடுநாள் ஆறவில்லை. ஆனால் விற்பதை நிறுத்திவிட்டு வருஷக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் பாக்கே முழு மனதோடு ஒத்துக்கொண்டார். பாக்கின் மாணவர் ஒருவர் எழுதி வைத்தது இது.

இனி சிஷ்யன் கதை. பெயர் சக்கரியாஸ் ஹில்டெபிராண்ட். 1713-இல் சேர்த்துக்கொள்ளும்போதே சில்பர்மான் எழுதி வாங்கிக்கொண்டார்: கற்ற பிறகு சாக்சனியில் தனக்குப் போட்டியாகத் தொழில் செய்யக்கூடாது. தொழில் கைவந்தவன் எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான்? லைப்சிக் பக்கத்தில் ஷ்டோர்ம்தால் என்கிற சிற்றூருக்கு ஹில்டெபிராண்ட் ஒரு ஆர்கன் செய்தார். 1723-இல் பாக்கே வந்து பரிசோதித்துப் பிரதிஷ்டை செய்தார். குருவுக்குப் பொறுக்கவில்லை. விஷயம் வழக்கு வரைக்கும் போயிற்று. அந்த ஒப்பந்தம் அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. சோறு போட்டு வளர்த்தோம் என்பதற்காக ஒருவனின் கையை ஆயுளுக்கும் எழுதி வாங்க முடியுமா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1746-இல் நவும்பர்கில் புனித வென்செஸ்லாஸ் ஆலயத்துக்கு ஹில்டெபிராண்ட் ஒரு ஆர்கனை முடித்தார். 53 ஸ்டாப்புகள், சில்பர்மான் செய்த எதையும் விடப் பெரியது. பரிசோதிக்க நகர சபை இரண்டு பேரை அழைத்தது. ஒருவர் பாக். மற்றவர் சில்பர்மான். அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் போனார், சிஷ்யன் செய்ததை உள்ளும் புறமும் பார்த்தார், பாக்கோடு சேர்ந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் டிரெஸ்டன் அரண்மனை ஆலய வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1753 ஆகஸ்டில் சில்பர்மான் இறந்துபோனார். அதை முடித்துக் கொடுத்தவர் யார் என்கிறாய்? ஹில்டெபிராண்ட்தான். சில்பர்மான் டிரெஸ்டனில் ஃபிராவன் ஆலயத்துக்குச் செய்த ஆர்கன் 1945 குண்டுவீச்சில் அழிந்தது. அரண்மனை ஆலயத்தின் இந்தக் கடைசி ஆர்கனின் குழல்களை முன்கூட்டியே கழற்றி வெளியே கொண்டுபோனதால் அது பிழைத்துக்கொண்டது. டிரெஸ்டன் போனால் அதையும் கேட்டுவிட்டு வா.

சரி, வீட்டு விஷயம். அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்த பையன் எதிர்த்த தெருவிலேயே தனிப் பட்டறை போட்டிருக்கிறான் என்று சொன்னேன் அல்லவா? அப்பா இன்னும் அவனோடு பேசுவதில்லை. கோயிலில் கூட அவன் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் இவர் அந்தப் பக்கம். போன மாதம் அவன் கடைந்த ஒரு ஷாஃப்ட் யார் மூலமோ அப்பா கைக்கு வந்தது. காலிப்பர் வைத்து மூன்று இடத்தில் அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்திருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அவனுக்குக் கார்த்திகையில் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வருவான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இந்தக் கதையை அப்பாவிடம் நீயே சொல். நான் சொன்னால் எதற்கு என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். நீ பார்த்த ஆர்கன் என்று ஆரம்பி. தகடு, வார்ப்பு, பற்றவைப்பு என்றால் காது கொடுப்பார். நவும்பர்க் வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திவிடு, வேறு எதுவும் பேச வேண்டாம்.

சட்னிப் பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா