ஏரலுக்கு வந்த எல்லோருக்கும், பெயர் கேட்க மறந்த தம்பிக்கும்

ஏரல் (தூத்துக்குடி மாவட்டம்), 2023 டிசம்பர் 29

அன்புடையீர்,

டிசம்பர் 17, 18 தேதிகளில் மழையிலும் வெள்ளத்திலும் நடந்ததைத் தாமிரபரணிக் கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் இன்னும் சேற்று வாடை போகவில்லை. ஆனாலும் இந்த மடலை எழுதாமல் புத்தாண்டை வரவேற்க எனக்கு மனம் வரவில்லை.

படகுகளோடு வந்து முதியோரையும் குழந்தைகளையும் மீட்ட மீனவர்களுக்கும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கியவர்களுக்கு உலை வைத்துச் சோறு போட்ட புதுக்குடி மக்களுக்கும், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும், சாய்ந்த கம்பங்களை நிமிர்த்திய மின்வாரிய ஊழியர்களுக்கும் எங்கள் தெருவின் நன்றி.

தண்ணீர் வடியத் தொடங்கிய நாளில், சேற்றில் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். ரொட்டி கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தோம். அவர் சட்டைக்குள்ளிருந்து எடுத்ததோ பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு பள்ளிக்கூட நோட்டு. சிக்னல் கிடைக்கும் இடத்துக்குத் திரும்பிப் போவதாகவும், யாருக்கு என்ன சேதி சொல்ல வேண்டும் என்று சொன்னால் எழுதிக்கொள்வதாகவும் கூறித் திண்ணையில் உட்கார்ந்தார். பெற்ற பிள்ளையின் எண்ணே எங்களில் பலருக்கு மனப்பாடமாக இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் மகளின் எண்ணைக் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் தேடிப் பிடித்தேன். மறுநாள் அதே நோட்டோடு வந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பதில் எழுதியிருந்தது. என் வரிக்கு எதிரே, "அப்பாவை மாத்திரை போடச் சொல்லுங்கள், அழுதாங்க" என்று இருந்தது. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தும் வாங்க மறுத்துவிட்டு, ஒரு டம்ளர் கட்டங்காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

1992 வெள்ளத்துக்கே எங்கள் வாசற்படி நனையவில்லை என்ற தெம்பில், மாடிக்குக்கூட நாங்கள் தாமதமாகத்தான் ஏறினோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழைக்கு அந்தப் பழைய கணக்கு உதவவில்லை. ஆகவே தெருவுக்கென்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம்: வெளியூர் உறவினரின் எண், படுக்கையில் இருப்பவர், இன்சுலின் போடுபவர், ஏணி இருக்கும் வீடு, நீச்சல் தெரிந்த பிள்ளைகள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு புரட்டாசியிலும் அதைத் திருத்தி எழுதிப் பரணில் வைப்பது என்று முடிவாகியிருக்கிறது.

முதல் பக்கம் அந்தத் தம்பிக்காகக் காலியாக இருக்கிறது. இதைப் படித்தால், உங்கள் பெயரையும் எண்ணையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.