பெங்களூரு போய்வர உதவிய எல்லாருக்கும்

முக்கூடல் சொந்தபந்தங்களுக்கும், கல்லூரி ஆசிரியர்களுக்கும், தோழிகளுக்கும் வணக்கம்.

கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்குப் போய்விட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். இந்த மாநாடு 1994இல் அமெரிக்காவில் அனிதா போர்க், டெல் விட்னி என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது. 2010இலிருந்து இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அங்கே போய்வர மாணவிகள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று எனக்குச் சொன்னதே எங்கள் துறை மேடம்தான். விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்து, "இன்னும் கொஞ்சம் உங்க ஊரைப் பத்தி எழுதும்மா" என்றார். கிளம்புவதற்கு முன்னால் லேபில் ஒயரை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் அளந்து நறுக்கி என் கையில் கொடுத்தார். ஒரு நானோ நொடியில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஒளி போகும் தூரம் அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின்குறிகளும் அதைவிட வேகமாகப் போக முடியாது. இந்த மாநாட்டுக்குப் பெயராக அமைந்த கணினி அறிஞர், அமெரிக்கக் கடற்படையில் இருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார், தன் பேச்சைக் கேட்க வந்தவர்களுக்கு இப்படித்தான் ஒயரைக் கொடுத்து விளக்குவாராம். கம்ப்யூட்டருக்குள் எல்லாம் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அந்த ஒயரைப் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு நன்றாக விளங்கியது. மேடம், ரொம்ப நன்றி.

எங்கள் தெரு மைனிமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்ல? நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்தான் என் ப்ராஜெக்ட். அதற்குக் குரல் கொடுத்தவர்கள் நீங்கள். மத்தியானம் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டே, சுளகுக்குப் பக்கத்தில் செல்போனை வைக்கவிட்டு, பேசிக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு பதிவிலும் இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கூடவே கேட்கும். அம்மா என்னை ரயிலேற்ற ஜங்ஷனுக்கு வந்த அன்று, அம்மாவின் இலையையும் தூளையும் நீங்களே பகிர்ந்து சுற்றிக் கடையில் கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு இது தெரியும்.

தனியாக அனுப்புவதா என்று அப்பா யோசித்தபோது, "ஏல, புள்ள படிப்புக்குத்தானல போறா, போயிட்டு வரட்டும்" என்று ஆச்சி சொன்ன ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்தது. லேப்டாப் கொடுத்த தோழிக்கும், விடிகாலையில் பெங்களூரு ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போன பேக்கரிக் கடை அண்ணாச்சிக்கும் நன்றி. அண்ணாச்சி வீட்டு அக்கா சுடச்சுடப் போட்ட தோசையை மறக்க மாட்டேன்.

மாநாட்டில் மைக் முன்னால் கேள்வி கேட்க வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். நானும் போய் நின்றேன். அப்புறம், பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா, சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு என் ப்ராஜெக்டைப் பார்த்தார். "மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க எடுத்த ஆளோட குரலைச் சோதனைக்கு எடுக்காதே. புது ஆள் பேசினாப் புரியுதான்னு பாரு. கத்தரிச் சத்தத்தை வெட்டி எறிஞ்சிடாதே, உங்க ஊர்ல அந்தச் சத்தத்தோடதானே பேசுறாங்க?" என்றார். எனக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இந்த மடல் அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசை.

நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்று. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை இருக்கிறது; அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். மாநாட்டுக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். ஆச்சிமார்களே, புதுக் குரல்கள் வேண்டும். இதுவரை பேசாத மேலத்தெரு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை