செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வட்டாரத் தமிழர் நட்புக் குழு, சிங்கப்பூர்

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், மழையையும் பாராமல் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கலும் தீபாவளி விருந்தும் வழக்கம்போல் நடந்தன. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் போட்டி வைத்தோம். படங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன, அதோடு விடுகிறேன். இந்த ஆண்டு நம் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டது வீடு விற்பது, வாடகைக்கு விடுவது பற்றிய பேச்சுதான்.

முதலில், ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை பற்றி ஒரு கலந்துரையாடல். அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (எச்டிபி) வீடுகளில் 1989 மார்ச்சிலிருந்து இந்த விதி நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15 என்பது வரம்பு. நம்முடையது முன்பு 13 ஆக இருந்து 2010இல் கூடியது. நம் வரம்பு நிரம்பிவிட்டால் வீட்டை விற்கவே முடியாது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியில்லை. நம் வரம்பு நிரம்பினால் இந்தியர் விற்பதற்குத் தடையில்லை. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில்தான் சிக்கல்: அங்கே நம்மவர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவதால் விலையும் இறங்கலாம், காத்திருப்பும் நீளலாம். இப்படி மாட்டிக்கொள்பவர்களிடமிருந்து தகுதி பார்த்துக் கழகமே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது, இது பலருக்குப் புதுச் செய்தி. விதி இன்னும் வேண்டுமா என்ற கேள்வியில் ஒருமித்த கருத்து வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

அப்புறம் பேச்சு வாடகைக்குத் திரும்பியது. "இந்தியர் வேண்டாம்" என்று போட்டிருந்த ஓர் அறை விளம்பரத்தை ஒருவர் காட்ட, எல்லோரும் கொதித்தோம். உடனே இளைய உறுப்பினர் ஒருவர் தம் கைப்பேசியில் நம்மவர் போட்ட விளம்பரங்களை வரிசையாக வாசித்தார். "தென்னிந்தியர்களுக்கு மட்டும்." "இந்தியப் பெண்கள் மட்டும், சமையல் கூடாது." சட்டென்று அமைதி. அதில் ஒன்று நான் போட்டது. அறிக்கையில் மறைப்பானேன்!

ஒரு அறையை வாடகைக்கு விடுபவரும் இன்னொருவருக்கு வீடு தருபவர்தான். நாலறை வீடுகளிலும் பெரிய வீடுகளிலும் உறவில்லாதவர்கள் ஆறு பேர் தங்கலாம் என்றிருந்ததை 2024 ஜனவரியில் எட்டாக்கினார்கள். ஆக, அறை விடுபவர்கள் நம்மிலும் கூடியிருக்கிறார்கள். யார் வரக்கூடாது என்று எழுதாமல், வீட்டில் என்ன பழக்கம் என்பதை மட்டும் விளம்பரத்தில் எழுதுவது என்று முடிவு செய்து, ஒரு பக்க மாதிரி தயாரித்தோம். அதில் அரை மணி நேரத்தை விழுங்கியது "லைட் குக்கிங்" (இலேசான சமையல்) என்ற ஒரே சொல். கடுகு தாளித்தால் அது லைட்டா இல்லையா? நூடல்ஸ் லைட் என்றால் ரசம் ஏன் இல்லை? கடைசியில் "எண்ணெயில் பொரிப்பது வேண்டாம், மற்றது பேசிக்கொள்ளலாம்" என்று எழுதி வைத்தோம்.

அந்த மாதிரியைப் பார்த்து முதலில் அறை விட்டவர் ஓர் அக்கா. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண் ஒருவர் குடிவந்தார். குளிர்பதனப் பெட்டியில் கீழ்த்தட்டு அவருக்கு. பன்றி இறைச்சியை வீட்டில் சமைப்பதில்லை, வாங்கி வந்தால் மூடிய டப்பாவில் வைப்பது என்று முதல் நாளே பேசிக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் அந்தப் பெண் மோர் மிளகாய் கேட்கத் தொடங்கிவிட்டாராம். அதற்கு எண்ணெயில் பொரிக்க வேண்டியிருக்கிறது என்பதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கிரைண்டர் சத்தம் பற்றி இரண்டு முறை புகார் வந்தது. மாவு அரைப்பதை மாலைக்கு மாற்றி, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டதும் தீர்ந்தது.

மின்தூக்கி அருகே ஒட்டியிருந்த நான்குமொழி அறிவிப்பில் தமிழ் மட்டும் உடைந்து கிடந்தது, கொம்புகள் எழுத்தை விட்டுத் தள்ளி நின்றன. படமெடுத்து அனுப்பினோம். ஒன்பதாம் நாள் திருத்திய தாள் வந்தது. அதில் ஓர் ஒற்றுப்பிழை இருக்கிறது, சரி, விட்டுவிட்டோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். துணைச் செயலாளர் பதவி காலியாக இருக்கிறது. சீனமோ மலாயோ பேசத் தெரிந்தவர் முன்வந்தால் நல்லது.

செயலாளர்