பன்னிரண்டு படமும் ஆயிரம் படமும்

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகம்,

நலம். போன வாரம் போனில் "ரிட்டயர் ஆகிப் பகலெல்லாம் என்னடா செய்கிறாய்?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பேரன் போனைப் பிடுங்கிவிட்டான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எடுத்த படங்களை இணையத்தில் போட்டு நாலு பேருக்குக் காட்டும் ஃப்ளிக்கர் தளத்தில் சேர்ந்திருக்கிறேன். இன்ஸ்டாகிராம் காலத்தில் அங்கே யாரப்பா போகிறார்கள் என்று மகள் சிரித்தாள். 2004-இல் கனடாவின் வான்கூவரில் தொடங்கி, யாஹூவிடம் போய், 2018-இல் ஸ்மக்மக் என்ற கம்பெனியின் கைக்கு மாறிய தளம். இணையத்தின் கணக்கில் கிழடுதான். நமக்குத் தோதான இடம் என்று வை.

முதல் மாதம் ஈயாடியது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் போட்டேன். நான்கு நாளில் பார்த்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தி என் மகள். அப்புறம் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஒரு படம் போட்டால் வேறு இரண்டு படங்களுக்குக் கருத்து எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்பட்டமான மொய்க்கணக்கு! நான் "அருமை" என்று எழுத, அவர்கள் "அற்புதம்" என்று திருப்பிச் செய்ய, யாரும் யார் படத்தையும் பார்த்ததாகத் தெரியவில்லை. பத்து நாளில் விலகிவிட்டேன்.

ஆனால் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த படத்துக்கு வந்த ஒரு கருத்தை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று குச்சியைக் கவ்விக்கொண்டு கூட்டில் இறங்குகிறது. சிறகு முழுக்கக் கலங்கல். அதை மறைக்க "அசைவின் அழகு" என்று தலைப்பு வைத்திருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதினார்: "ஷட்டர் 1/200 வைத்திருக்கிறீர்கள். 1/1600-க்கு மேலே போங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்." ஷட்டர் நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது, அதைக் குறைத்தால்தான் அசைவு கலங்காது; குறைகிற வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்ற வேண்டும் என்கிறார். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப் போனேன். ஷட்டர், லென்ஸ் திறப்பான அபெர்ச்சர், ஐஎஸ்ஓ, தேதி, நேரம் எல்லாவற்றையும் கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைக்கிறது. நாம் மறைக்காவிட்டால் படத்துக்குக் கீழே ஜாதகம் மாதிரி விரிந்து கிடக்கிறது. தலைப்பில் நான் விட்ட கதை அங்கே எடுபடவில்லை.

அடுத்த ஞாயிறே மறுபடி போனேன். 1/2000. ஐஎஸ்ஓ ஏறியதால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தது, போகட்டும். வால் பக்கத்து இறகுகள் இளஞ்சிவப்பாய் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவேனே, நாற்பது வருஷத்தில் அந்தச் சிவப்பை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை நான்.

ஒரு அசட்டுத்தனமும் நடந்தது. பேத்தி வாசலில் கோலம் போடுவதைப் போனில் எடுத்து ஏற்றினேன். எதையோ தட்டிவைத்திருக்கிறேன்போல, கூடவே வரைபடத்தில் எங்கள் வீடும் வந்து நின்றது. மகள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். இப்போது இடக்குறிப்பை அணைத்துவிட்டேன். பேத்தி படங்கள் குடும்பத்தார் கண்ணுக்கு மட்டும். இலவசக் கணக்கில் அப்படி 50 படம்தான் வைக்கலாம்.

மொத்தமாகவே இலவசத்துக்கு 1000 படம்தான் எல்லை. 2013-இல் ஒரு டெராபைட் இடத்தைச் சும்மாவே கொடுத்தார்களாம், கை மாறியபிறகு சுருக்கிவிட்டார்கள். பலருக்கு அதில் கோபம். எனக்கு இல்லை. உங்கள் அப்பாவின் அக்ஃபா கிளிக்-3 கேமரா ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் செய்த 'இந்து' ஃபிலிமைக் காசு சேர்த்து வாங்கி, ஆளுக்கு ஆறு என்று பிரித்துக்கொண்டோம். ஏழாவதை நீ அமுக்கிவிட்டாய் என்று ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்தேன். இப்போது கார்டில் முந்நூறு நாரை இருக்கும், ஏற்றுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு ராத்திரி போய்விடுகிறது. பகலில் என்ன செய்கிறாய் என்று கேட்டாயே, ராத்திரியும் இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1992 நவம்பர் வெள்ளத்தில் நீ குறுக்குத்துறையில் எடுத்த ரோல் இருக்கிறதா? முருகன் கோயிலைத் தாமிரபரணி மூடிக்கொண்டு போனதை எடுத்துவிட்டு, கடைசிப் படத்தை "இன்னும் தண்ணீர் ஏறட்டும்" என்று மிச்சம் பிடித்தாய். தண்ணீர் இறங்கிவிட்டது. கடைசியில் டீக்கடைப் பெஞ்சை எடுத்து ரோலை முடித்தாய். நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரம், நல்ல பெரிசு. பின்னால் வெளிச்சம் கொடுத்து என் கேமராவிலேயே படம் பிடித்துவிடலாம். உன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கித் தருகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவதா, உரிமையை நீயே வைத்துக்கொள்வதா என்பது உன் முடிவு. பெயரைப் போட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கூரியரில் மட்டும் அனுப்பிவிடாதே. கையோடு கொண்டு வா. அந்தப் பெஞ்சு படமும் வேண்டும். அதில் உட்கார்ந்திருப்பது நான்தான்.

அன்புடன்,
உன் கணேசன்