ரோமில் அழுத பெண்

அன்பு மகள் வாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அவளே சொல்லியிருப்பாள்.

நீ விட்டுச் சென்ற ‘மிடில்மார்ச்’ தொடரை, ஓர் இரவுக்கு ஒரு பகுதியாக, அம்மாவும் நானும் பார்த்து முடித்தோம். தொப்பிகளையும் குதிரை வண்டிகளையும் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று உன்னை முன்பு கேலி செய்தவன் நான்தான். 1871, 1872 ஆண்டுகளில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த ஜார்ஜ் எலியட்டின் நாவலை, 1994-இல் பிபிசிக்காக ஆண்ட்ரூ டேவிஸ் ஆறு பகுதிகளில் அடக்கிய திறமையை இப்போது ஒப்புக்கொள்கிறேன். படப்பிடிப்பு நடந்த ஸ்டாம்ஃபர்ட் உன் லெஸ்டரிலிருந்து அதிகத் தூரமில்லை என்று வரைபடம் காட்டுகிறது. மாப்பிள்ளை உன்னை ஒருமுறையாவது அங்கே அழைத்துச் சென்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது வயது நிரம்பாத டொரோத்தியா, நாற்பத்தைந்தைக் கடந்த கஸாபனின் படிப்பை நம்பிக் கழுத்தை நீட்டுகிறாள். உலகப் புராணங்கள் அனைத்துக்கும் ஒரே திறவுகோலைத் தரப்போவதாகச் சொல்லிக்கொண்டு, முடியாத புத்தகத்துக்கு வாழ்நாளெல்லாம் குறிப்பெடுப்பவர் அவர். தேனிலவுக்கு ரோம் சென்ற இடத்திலும் அவர் நூலகத்தில் இருக்க, அவள் அறையில் தனியே அழுகிறாள். பாட்ரிக் மலஹைட் அவரைக் கொடியவராக நடிக்கவில்லை. தன் புத்தகம் தேறாது என்ற அச்சத்தை ஒளித்து வைத்திருக்கும் மனிதராகவே நடித்திருக்கிறார். அதனால்தான் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

அவளை வளர்த்த பெரியவர் புரூக், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லாமல் ஏதேதோ பேசி நழுவிவிடுகிறார். நானோ நழுவக்கூட இல்லை. மாப்பிள்ளை முனைவர் பட்டம் பெற்றவர், இதைவிட நல்ல இடம் அமையாது என்று சித்தியின் பேச்சையும் மீறி உன்னை வற்புறுத்தினேன். நீ நூலக வேலையை விட்டுவிட்டதாக உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வேலையை விடாதே என்று எத்தனை முறை எழுதினேன்! நம் தெருவிலேயே முதலில் கடல் கடந்து படித்தவள் நீ. வேலையை விட்டதை ஏன் பெற்றவர்களிடம்கூட மறைத்தாய்?

கஸாபன் தன் குறிப்பேடுகளை அவளிடம் கொடுத்து வேலை வாங்கும் கட்டத்தில் அம்மா திரையைப் பார்த்தபடியே, “எனக்கும் ஒரு பென்சில் கொடுத்துவிடுங்கள், நானும் அந்தப் பெண்ணோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன்” என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

வாணி, என் கல்வெட்டு ஆய்வுக்காக அம்மா பதினோரு ஆண்டுகள் பச்சை நோட்டுகளில் படியெடுத்தது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் அவளுக்குக் கிடைத்த ஆசிரியர் பயிற்சி இடத்தை நான் மறுத்து எழுதினேன் என்பது உனக்குத் தெரியாது. கடிதம் வந்ததைக்கூட ஒரு வாரம் கழித்தே அவளிடம் சொன்னேன். அந்த ஆய்வும் முடியவில்லை.

வேலையைத் திரும்பக் கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது தொலைபேசியை மாப்பிள்ளை எடுக்க வேண்டாம், நீயே எடு. அந்தப் பச்சை நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். பின்பக்கங்கள் காலியாகத்தானே இருக்கின்றன, பால் கணக்கு எழுதலாம் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
அப்பா